நீடாமங்கலம் டு லடாக்: சைக்கிளில் தனியாகப் போகிறீர்களா? மலையில் ஒரு நாள் இப்படித்தான் இருக்கும்!

நீடாமங்கலம் பக்கம் சைக்கிள் ஓட்டுபவருக்கு ஏற்றம் என்றால் அது ஆற்றுப் பாலம்தான். வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று எந்தப் பக்கம் போனாலும் ரோடு தட்டையாகவே ஓடும். ஆடிக் காத்துல தஞ்சாவூர் பக்கம் மிதிக்கிறது மட்டும்தான் கொஞ்சம் கஷ்டம்.

இந்த ஊரில் ஓட்டிப் பழகிய ஒருவர், சோஷியல் மீடியா வீடியோக்களைப் பார்த்துவிட்டு மணாலி - லே சாலையில் 'சோலோ ரைடு' கிளம்பினால் என்ன ஆகும்? கால் பழகிவிடும், பிரச்னை இல்லை. உடம்பு மக்கர் செய்யும்போது அதைக் கவனித்துச் சொல்ல பக்கத்தில் ஆள் இல்லை என்பதுதான் சிக்கல். இந்த ரூட்டின் கடினமான ஒரு நாளை மட்டும் எடுத்துப் பார்ப்போம்.

எந்த நாள், எந்த ரூட்?

மணாலி - லே சாலை சுமார் 430 கி.மீ. பனி விலகும் ஜூன் முதல் செப்டம்பர் வரைதான் சைக்கிளுக்கு ஏற்ற சீசன். அதில் சார்ச்சு முதல் பாங் வரையிலான சுமார் 80 கி.மீ.தான் நம் கதை. சார்ச்சு, இமாச்சலப் பிரதேசமும் லடாக்கும் சந்திக்கும் எல்லை. உயரம் சுமார் 4,290 மீட்டர். பாங் சுமார் 4,600 மீட்டர். நடுவே நகீ லா, லாச்சுங் லா என இரண்டு கணவாய்கள். இதில் லாச்சுங் லா 5,000 மீட்டரைத் தாண்டும்.

பனிமலையில் பாலைவனமா?

ஆமாம். தென்மேற்குப் பருவமழை மேகங்களை இமயமலை மறித்துவிடுகிறது. அதனால் லே நகரில் ஆண்டுக்கு சுமார் 100 மி.மீ. மழைதான். நம்ம டெல்டாவில் 1,000 மி.மீ.க்கு மேல். அங்கே வழியெல்லாம் மண்ணும் பாறையும்தான். மர நிழல் கிடையாது. உயரம் கூடக் கூட புற ஊதாக் கதிர் ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் சுமார் 10% அதிகமாகும். வெயில் சுடாது, ஆனால் தோல் உரியும்.

காலை: 21 வளைவுகள்

சார்ச்சுவிலிருந்து முதல் சில மணி நேரம் ஆற்றோரமாக ஈஸியாகப் போகும். அப்புறம் வருவது 'கட்டா லூப்ஸ்', 21 கொண்டை ஊசி வளைவுகள். "கொல்லிமலையில் 70 வளைவு ஏறியிருக்கேன், இது என்ன?" என்று தோன்றலாம். கொல்லிமலையின் உச்சிப் பகுதியே சுமார் 1,300 மீட்டர்தான். கட்டா லூப்ஸ் தொடங்கும் இடமே 4,000 மீட்டருக்கு மேல்.

அரிசி வேகாத உயரம்

5,000 மீட்டரில் காற்றழுத்தம் நம்ம ஊரில் இருப்பதில் பாதிக்குக் கொஞ்சம்தான் அதிகம். அதாவது ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் ஏறக்குறைய பாதி. நெல் விளையும் ஊர்க்காரருக்கு இதை ஈஸியாகச் சொல்லலாம்: பாங்கில் தண்ணீர் 85 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் பொன்னி அரிசி சரியாக வேகாது, குக்கர் கட்டாயம். சோத்துக்கே இந்த நிலைமை என்றால், நுரையீரலுக்கு?

மதியம்: காற்றும் ஓடையும்

மதியத்துக்குப் பிறகு பள்ளத்தாக்குகளில் காற்று பலமாகும். வெயிலில் பனி உருகுவதால், காலையில் கணுக்கால் அளவு ஓடும் ஓடை மாலையில் முழங்காலைத் தொடலாம். அதனால்தான் அனுபவசாலிகள் விடியும்போதே கிளம்புகிறார்கள். வறண்ட காற்றில் வியர்வை தெரியாமலே காய்ந்துவிடும். தாகம் எடுக்கும் வரை காத்திருக்காமல் குடித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

உண்மையான ஆபத்து எது?

தலைவலி, குமட்டல், தூக்கமின்மை. இவை உயர நோயின் ஆரம்பம். முற்றினால் நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோர்க்கும், உயிருக்கே ஆபத்து. முதல் சிகிச்சை, உடனே கீழே இறங்குவது.

ஆனால் இந்த ரூட்டில் ஒரு பொறி இருக்கிறது. பாங்கில் உடம்பு முடியாமல் போனால், திரும்பி வர லாச்சுங் லாவை ஏற வேண்டும். முன்னே போனால் 5,328 மீட்டர் தங்லங் லா. சார்ச்சுவுக்கும் இதே கதைதான், பின்னால் 4,890 மீட்டர் பாரலாச்சா லா நிற்கிறது. அதாவது, கீழே இறங்கவே மேலே ஏறணும்! சைக்கிளில் அது நடக்காது. லாரியையோ டாக்ஸியையோ நிறுத்தித்தான் போகணும்.

அதற்கு உங்கள் நிலைமை உங்களுக்குப் புரிய வேண்டும். மூளை பாதிக்கப்படும்போது முதலில் போவதே தெளிவுதான். நண்பர் கூட இருந்தால் "டேய், உளர்ற, உட்காரு" என்பார். தனியாகப் போனால் அது கிடையாது.

போனை நம்ப முடியாது. பெரும்பகுதியில் சிக்னல் இல்லை. வெளிமாநில ப்ரீபெய்ட் சிம் லடாக்கில் வேலை செய்யாது, போஸ்ட்பெய்ட் வேண்டும். சாட்டிலைட் போனை அனுமதியில்லாமல் கொண்டுபோவது இந்தியாவில் சட்டவிரோதம்.

அப்போ போகவே கூடாதா?

போகலாம். அயர்லாந்தின் டெர்வ்லா மர்ஃபி 1963லேயே தனியாக சைக்கிளில் ஐரோப்பாவிலிருந்து டெல்லி வரை மலைகளைக் கடந்து வந்தார். ஆனால் முடிவுகளைத் தெளிவாக இருக்கும்போதே எடுத்துவிடுங்கள்.

* 3,000 மீட்டருக்கு மேல், இரவு தங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்குள் கூட்டுங்கள். 3, 4 நாளுக்கு ஒருமுறை ஓய்வு. ஜிஸ்பாவிலிருந்து (சுமார் 3,200 மீட்டர்) ஒரே நாளில் சார்ச்சு போவது இந்த விதியை இரண்டு மடங்கு மீறுவது.
* காலையில் தலைவலியும் குமட்டலும் இருந்தால் அன்று ஏறக் கூடாது. 'கொஞ்ச தூரம் பார்ப்போம்' என்ற பேச்சே வேண்டாம்.
* மாத்திரை எதுவானாலும் ஊரிலேயே டாக்டரிடம் கேட்டு வாங்குங்கள்.
* எந்த ஊரில் என்று தங்குவீர்கள், எத்தனை நாள் தகவல் வராவிட்டால் தேட வேண்டும் என்று வீட்டில் எழுதிக் கொடுங்கள்.

கடைசியாக, ஆள் துணையில்லாமல் நீங்களே செய்யக்கூடிய ஒரு டெஸ்ட். ஒரு காலின் குதிகால் இன்னொரு காலின் விரலைத் தொடும்படி நேர்கோட்டில் பத்தடி நடங்கள். நம்ம ஊர் வயல் வரப்பில் நடக்கிற மாதிரி. தள்ளாடினால் மூளை பாதிக்கப்பட்டிருக்கலாம். அடுத்து வரும் வண்டியை நிறுத்தி, சைக்கிளைத் தூக்கிப் போட்டு இறங்கிவிடுங்கள். மலை அங்கேயேதான் இருக்கும், அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்.