கியர்பாக்ஸைக் கழற்றுவதற்கு முன்

டீயைக் குடியுங்கள், பேசிக்கொண்டே பார்க்கலாம். காலையில் லீவரை டி-க்குத் தள்ளினால் கியர் விழ நேரமாகிறது, வண்டி சூடான பிறகு தேவலை, ஆனால் கியர் மாறும்போது ஒரு உதறல் என்கிறீர்கள். பதினாலு வயது வண்டி. பார்த்தவர் 'பாக்ஸைக் கழற்றணும்' என்று சொல்லி, வண்டி விலையில் பாதியைச் செலவாகவும் சொல்லிவிட்டார். நான் கேட்பது ஒன்றுதான்: அவர் ஆயிலைப் பார்த்தாரா?

ஆட்டோமேட்டிக் என்று நம் ஊரில் பலவற்றையும் சேர்த்துச் சொல்கிறோம். 2014-இல் மாருதி செலேரியோவோடு பரவிய ஏஎம்டி, உள்ளே சாதாரண கியர்பாக்ஸ்தான்; கிளட்சையும் கியரையும் நமக்குப் பதில் ஒரு கருவி இயக்குகிறது. சிவிடி-யில் எஃகு பெல்ட் ஒன்று இரண்டு கப்பிகளுக்கு நடுவே ஓடுகிறது. அவற்றின் ஆயில் வேறு, வைத்தியம் வேறு. உங்களுடையது டார்க் கன்வெர்ட்டர் வைத்த நாலு கியர் வண்டி. இந்தப் பழைய வகை மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆயிலைக் கவனித்தால் நீண்ட காலம் உழைக்கும்.

இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே கன்வெர்ட்டர் என்ற மூடிய கூடு இருக்கிறது. ஓடும் மேஜை விசிறிக்கு எதிரே ஓடாத விசிறி ஒன்றை வைத்தால் காற்றுப் பட்டே அது சுற்றத் தொடங்கும் அல்லவா, அந்த வேலையை இங்கே ஆயில் செய்கிறது. ஜெர்மானியரான ஹெர்மன் ஃபோட்டிங்கர் 1905-இல் கப்பல்களுக்காகக் காப்புரிமை கேட்ட யோசனை இது. அதைத் தாண்டினால் கியர்கள். எந்த கியர் என்று கம்ப்யூட்டர் சொன்னதும் வால்வு பாடியில் உள்ள சொலினாய்டுகள் ஆயிலை அழுத்தத்தோடு ஒரு கிளட்ச் அடுக்குக்கு அனுப்பும்; தகடுகள் இறுகும்; கியர் விழும். சக்தியைக் கடத்துவதும் ஆயில், கியரைப் பிடிப்பதும் ஆயில், சூட்டை வெளியே கொண்டுபோவதும் ஆயில். அது ஒரு லிட்டர் குறைந்தாலே நல்ல பாக்ஸும் கெட்டுப்போனது போல நடந்துகொள்ளும்.

ஆகவே டிப்ஸ்டிக்கிலிருந்து தொடங்குங்கள். சமதரையில் நிறுத்தி, வண்டியைச் சற்று ஓட்டிச் சூடாக்கிய பிறகு, பிரேக்கை மிதித்தபடி லீவரை எல்லா இடத்துக்கும் ஒரு சுற்று கொண்டுபோங்கள். பிறகு கையேடு சொல்லும் நிலையில் வைத்து, பெரும்பாலான வண்டிகளில் இன்ஜின் ஓடும்போதே அளக்க வேண்டும். பழைய ஹோண்டாக்களில் முறை வேறு. இன்ஜினை அணைத்து ஒன்று, ஒன்றரை நிமிடத்துக்குள் பார்க்க வேண்டும். டிப்ஸ்டிக்கே இல்லாத வண்டிகளை லிஃப்டில் ஏற்றித்தான் பார்க்க முடியும். அளவு குறைந்தால் எங்கோ கசிவு. கூடிப்போனாலும் தொல்லைதான், சுழலும் பாகங்கள் ஆயிலை அடித்து நுரையாக்கும், நுரையால் அழுத்தம் தர முடியாது.

அடுத்து நிறம். பழுப்பேறியிருந்தால் வயதாகிவிட்டது. கறுத்து, தீய்ந்த வாடை அடித்தால் தகடுகள் எரிந்திருக்கின்றன. பால் கலந்த இளஞ்சிவப்பாக இருந்தால் அன்றே வண்டியை நிறுத்திவிடுங்கள். பல வண்டிகளில் இந்த ஆயிலைக் குளிர்விக்கும் குழாய் ரேடியேட்டரின் தொட்டிக்குள்ளேயே ஓடுகிறது. உள்ளே அரித்துவிட்டால் கூலன்ட் கியர்பாக்ஸுக்குப் போய், கிளட்ச் தகடுகளில் ஒட்டியிருக்கும் காகித நார்ப் பூச்சை ஊறவைத்து உரித்துவிடும். வயதான வண்டியில் ரேடியேட்டரை முன்கூட்டியே மாற்றிவிடுவது வீண்செலவே அல்ல. 2015 சென்னை வெள்ளத்தைப் போன்ற ஒன்றில் நின்ற வண்டிக்கும் இதே ஆபத்து உண்டு, கியர்பாக்ஸின் மூச்சுத்துளை வழியாகத் தண்ணீர் இறங்கும். பழைய வண்டி வாங்குகிறவர்கள் இன்ஜினைக் கேட்டுப் பார்க்கும் அக்கறையில் கொஞ்சத்தை இந்த டிப்ஸ்டிக்குக்கும் கொடுத்தால் நல்லது.

இனி நீங்கள் சொன்னதில் மிக முக்கியமான விஷயம்: குளிரில் மோசம், சூட்டில் தேவலை. எந்த மெக்கானிக்கிடம் போனாலும் இதை முதலில் சொல்லுங்கள். வருஷக்கணக்கில் சூட்டில் வெந்த ரப்பர் சீல்கள் இறுகிப்போய், குளிரில் அழுத்தத்தைக் கசியவிடும். சூடானதும் சற்று இளகி அடைத்துக்கொள்ளும். இரவில் கன்வெர்ட்டரிலிருந்து ஆயில் வடிந்துவிடுவதாலும் முதல் கியர் தாமதமாகும். அளவு குறைந்திருந்தாலும் இதே அறிகுறிதான். நேர்மாறாக, காலையில் நன்றாக ஓடி, போக்குவரத்து நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து சூடான பிறகு ஸ்லிப் ஆகிற வண்டி உண்டு. சூட்டில் ஆயில் நீர்த்து, தேய்ந்த பம்ப் வழியாகவோ வால்வு பாடியின் இடைவெளிகள் வழியாகவோ அழுத்தம் நழுவுகிறது என்று சந்தேகிக்கலாம். எனக்கு இது கூடுதல் கவலை தரும்.

உதறலிலும் வேறுபாடு உண்டு. பி-யிலிருந்து டி-க்குப் போடும்போது மட்டும் 'டொம்' என்றால் இன்ஜின் மவுண்ட் கிழிந்திருக்கிறதா என்று பாருங்கள். ஐம்பது, அறுபது வேகத்தில் ஆக்ஸிலரேட்டரை லேசாக மிதித்துப் போகும்போது ரோடே கரடுமுரடானது போல அதிர்ந்தால் கன்வெர்ட்டருக்குள் இருக்கும் லாக்அப் கிளட்ச் மீது சந்தேகம் போக வேண்டும். காலி ரோட்டில், விவரம் தெரிந்தவர் அதே வேகத்தில் பிரேக்கை மெல்லத் தொட்டுப் பார்க்கலாம்; தொட்டதும் லாக்அப் விடுபடும், அதிர்வும் நின்றால் சந்தேகம் பலப்படும். நிற்காவிட்டால் ஸ்பார்க் பிளக் பக்கம் தேடுங்கள். ஸ்கேனரில் பி0700 மட்டும் வந்தால் அது முடிவல்ல. கியர்பாக்ஸ் கம்ப்யூட்டரில் வேறொரு கோளாறு பதிவாகியிருக்கிறது என்று சொல்லும் தகவல் மட்டுமே. அந்த இன்னொரு எண்ணைப் படிக்கச் சொல்லுங்கள். வண்டி மூன்றாவது கியரிலேயே சிக்கி நின்றால், பல வண்டிகளில் அது தற்காப்பு நிலை. வயர் கனெக்டர், சென்சார், பேட்டரி இவற்றைப் பார்க்காமல் யாரும் ஸ்பேனரை எடுக்கக் கூடாது.

ஆயிலை மாற்றினால் பழைய பாக்ஸ் செத்துவிடும் என்று பலர் பயமுறுத்துவார்கள். ஏற்கெனவே தகடு எரிந்து ஸ்லிப் ஆகிற வண்டிக்குக் கடைசி முயற்சியாக மாற்றுகிறார்கள். அது நின்றுபோனால் பழி புது ஆயில் மீது விழுகிறது. எரிந்த தகட்டை எந்த ஆயிலும் குணமாக்காது. உங்கள் வண்டிபோல் இன்னும் கியர் பிடிக்கிற வண்டியில் மாற்றலாம், மாற்றவும் வேண்டும். மெஷின் வைத்து அழுத்தித் தள்ளுவதை விட்டு, வடித்து நிரப்பும் முறையையே நான் சொல்வேன். மொத்தம் ஏழு லிட்டர் பிடிக்கும் பாக்ஸில் வடித்தால் மூன்றரை வரும் என்று வையுங்கள். மீதி கன்வெர்ட்டரிலேயே தங்கும். ஒருமுறை மாற்றினால் பாதி புதுசு, சில நூறு கிலோமீட்டர் ஓட்டி இன்னொரு முறை மாற்றினால் முக்கால். மூன்றாவது முறைக்கு 87.5 சதவீதம். கீழ்த்தட்டைக் கழற்ற வசதியிருந்தால் ஃபில்டரையும் மாற்றி, காந்தத்தைத் துடைக்கச் சொல்லுங்கள். அதில் சாம்பல் நிறப் பசை இருப்பது இயல்பு. உலோகத் துண்டு இருந்தால்தான் பாக்ஸைத் திறக்கும் பேச்சு.

டின்னை நீங்களே வாங்கிக் கொடுங்கள். கையேட்டில் எஸ்பி-3 என்றிருந்தால் அந்தத் தரம், டொயோட்டாவுக்கு டபிள்யூஎஸ் என்றிருந்தால் அதுதான். 'எல்லா வண்டிக்கும் ஆகும்' என்று கடைக்காரர் நீட்டுவதை வாங்காதீர்கள். தகடு எவ்வளவு பிடிக்க வேண்டும், எவ்வளவு வழுக்க வேண்டும் என்பது ஒவ்வொரு தரத்திலும் மாறும். 'ஆயுள் முழுக்க மாற்ற வேண்டாம்' என்று எழுதியிருந்தால், கடுமையான பயன்பாடு என்ற பத்தியைத் தேடிப் படியுங்கள். கோடைச் சென்னை, நெரிசல், எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறும் கொல்லிமலை எல்லாம் அந்தப் பத்திக்குள்தான் வரும். ஐம்பதாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுவது என் கணக்கு.

இதையெல்லாம் பார்த்த பிறகும் கழற்றத்தான் வேண்டுமென்றால் சீல், தகடு இவற்றோடு கன்வெர்ட்டரின் நிலையையும் எழுத்தில் கேளுங்கள். வண்டியை இழுத்துப் போகும்போது முன்சக்கரங்கள் தரையில் உருளக் கூடாது. இன்ஜின் ஓடாவிட்டால் பம்ப் ஓடாது, உள்ளே எண்ணெய் போகாது. பாக்ஸை மாட்டுவதற்கு முன் கூலர் குழாய்களைக் கழுவினார்களா என்று நேரில் நின்று கேளுங்கள். பழைய தகட்டின் தூளும் உலோகத் துகளும் அங்கேதான் தங்கியிருக்கும். விட்டால் முதல் நாளே புது வால்வு பாடிக்குள் போய்விடும்.