நனவோடை: உளவியலும் புனைகதையும்

'நனவோடை' எனத் தமிழ்த் திறனாய்வில் வழங்கும் கலைச்சொல் உளவியலிலிருந்து இலக்கியத்திற்கு வந்ததாகும். மனித நனவு துண்டுகளைக் கோத்த சங்கிலியன்று, இடையறாது ஓடும் நீரோட்டம் என்று 1890இல் வெளியான தம் உளவியல் நூலில் வில்லியம் ஜேம்ஸ் விளக்கினார். 1918இல் மே சின்க்ளேர், டாரதி ரிச்சர்ட்சனின் நாவல்களை மதிப்பிடுகையில் இச்சொல்லை ஆண்டார். எனினும் உத்தி சொல்லுக்கு முந்தியது. பிரெஞ்சு எழுத்தாளர் எதுவார் துஜார்தேன் 1887இலேயே ஒரு நாவலை முழுவதும் அகத்தனிமொழியாக அமைத்தார். ஜேம்ஸ் ஜாய்ஸ் தாம் அவருக்குக் கடன்பட்டிருத்தலை ஒப்புக்கொண்டார்.

ஜாய்ஸின் 'யுலிசிஸ்' (1922) நாவலின் இறுதி இயல், ஏறத்தாழ நிறுத்தக்குறிகளே இன்றி, எட்டு நெடுந்தொடர்களாக அமைந்துள்ளது. இதனை மனத்தின் நேர்ப்படி எனக் கருதுவோர் உளர். அக்கருத்து ஆராய்தற்குரியது.

அமெரிக்க உளவியலாளர் ரசல் ஹர்ல்பர்ட் 1970களில் ஓர் ஆய்வுமுறையை வகுத்தார். ஆய்வுக்கு உட்படுவோர் ஒலியெழுப்பும் சிறு கருவியைத் தம்முடன் வைத்திருப்பர். எதிர்பாராத நேரத்தில் ஒலி எழுந்ததும், அதற்கு முந்தைய கணத்தில் மனத்தில் இருந்ததைக் குறித்துக்கொள்வர். ஹீவியுடன் இணைந்து அவர் 2008இல் வெளியிட்ட ஆய்வில், அகப்பேச்சு ஏறத்தாழக் கால்பங்குப் பதிவுகளில் மட்டுமே காணப்பட்டது. காட்சி, உணர்ச்சி, புலனுணர்வு, சொல்லும் படிமமும் இல்லாத எண்ணம் ஆகியன பிற பதிவுகளில் இடம்பெற்றன. ஆளுக்கு ஆள் வேறுபாடும் மிகுதி.

எனவே, சொற்களாலேயே இயலும் நனவோடை மனத்தின் பதிவு அன்று. சொல்லற்ற நிலைகளையும் சொல்லால் உணர்த்தும் மொழிமரபு எனல் பொருந்தும்.

இம்மரபு மொழிக்கு மொழி வேறுபடும். தமிழில் கூற்றையும் எண்ணத்தையும் 'என்று' என்னும் இடைச்சொல்லே கதைசொல்லியின் கூற்றோடு பிணைக்கிறது. 'மழை வருமோ என்று அவள் நினைத்தாள்' என்பதில் கதைசொல்லி உடனிருக்கிறார். 'மழை வருமோ. கொடியில் துணி கிடக்கிறதே' என்னுமிடத்து அவர் விலகிவிடுகிறார். ஐயம் உணர்த்தும் ஓகாரமும் இரங்கல் உணர்த்தும் ஏகாரமும் அவளுடைய மனநிலையை நேரே காட்டுகின்றன. நகுலன் முதலானோரின் நனவோடை எழுத்துகளை ஆராய்வோர் இவ்விடைச்சொற்களையும் கருதுதல் வேண்டும்.

அறிவியல் மனத்தின் நிகழ்வுகளை வகைப்படுத்தி அளக்கிறது. புனைகதையோ பிறிதொருவர் மனத்துள் இருக்கும் அனுபவத்தைத் தருகிறது. ஒன்றை மற்றொன்றின் சான்றாகக் கொள்ளின் இரண்டையும் பிழைபட உணர நேரும்.