பழைய வண்டியும் பொருத்தமான பாகமும்

பழைய மகிழுந்து ஒன்றின் எஞ்சினில் வால்வு பழுதாகிவிட்டது. அதன் உரிமையாளர் உதிரிபாகக் கடைக்குச் சென்று, "மாருதி 800 வண்டிக்கு வால்வு வேண்டும்" என்கிறார். கடைக்காரர் உடனே எடுத்துத் தருவதில்லை. "எந்த ஆண்டு வண்டி? எந்த எஞ்சின்?" என்று கேட்கிறார். இவ்வினாக்களுக்கு விடை அறியாமல் வாங்கும் பாகம் பொருந்தாமற் போகலாம். அதனால் பணமும் நேரமும் வீணாகும். பிரேக் போன்ற பாகமாயின் உயிருக்கே கேடு நேரலாம். ஆகவே, வண்டியைச் சரியாக அடையாளம் காணும் முறையை அறிந்திருத்தல் நன்று.

ஒரு பெயர், பல வண்டிகள்

மாருதி 800 வண்டி 1983ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் அரியானா மாநிலத்தின் குர்கானிலிருந்து வெளிவரத் தொடங்கியது. 1986இல் அதன் உடலமைப்பு மாறியது. 2014ஆம் ஆண்டுத் தொடக்கம் வரை அது தயாரிக்கப்பட்டது. ஏறத்தாழ 30 ஆண்டுகள் பெயர் ஒன்றாகவே இருந்தது. ஆனால் பெயருக்குள் இருந்த வண்டி மாறிக்கொண்டே வந்தது. தொடக்கத்தில் கார்புரேட்டர் என்னும் கருவி பெட்ரோலையும் காற்றையும் கலந்து தந்தது. பிற்கால வண்டிகளில் மின்னணுக் கருவி பெட்ரோலை அளந்து செலுத்தியது.

இவ்வண்டியில் இருவகை எஞ்சின்கள் பொருத்தப்பட்டன. ஒன்றின் பெயர் எஃப்8பி. மற்றொன்றின் பெயர் எஃப்8டி. இரண்டிலும் 3 சிலிண்டர்கள் உண்டு. இரண்டின் கொள்ளளவும் 796 கன சென்டிமீட்டரே. எனினும், முன்னதில் சிலிண்டருக்கு 2 வீதம் 6 வால்வுகளும், பின்னதில் சிலிண்டருக்கு 4 வீதம் 12 வால்வுகளும் உள்ளன. காற்று உள்ளே வருவதற்கும் புகை வெளியேறுவதற்கும் திறந்து மூடுபவை வால்வுகள். ஒன்றின் வால்வு மற்றொன்றுக்குப் பொருந்தாது. எனவே, பெயரும் கொள்ளளவும் ஒன்றாக இருப்பதை மட்டும் நம்பிப் பாகம் வாங்குதல் கூடாது.

தோற்றம் போதுமா?

ஒரே ஆண்டில் வந்த வண்டிகளிலும் எளிய வகை, குளிர்சாதன வசதி கொண்ட வகை எனப் பிரிவுகள் உண்டு. குளிர்சாதனம் உள்ள வண்டியில் அதற்கென கம்ப்ரசரும் அதனைச் சுழற்றும் பெல்ட்டும் கூடுதலாக இருக்கும். வண்டியின் பின்புறத்தில் உள்ள எழுத்துகளைப் பார்த்து வகையை அறியலாம் எனச் சிலர் கருதுவர். ஆயின், பல கைகள் மாறிய வண்டியில் பம்பர், விளக்கு, இருக்கை ஆகியன மாற்றப்பட்டிருக்கலாம். எழுத்தும் புதிதாக ஒட்டப்பட்டிருக்கலாம். தோற்றம் ஒரு குறிப்பே, அது சான்றாகாது.

பதிவுச் சான்றிதழ் கூறுவது

ஆர்.சி. எனப்படும் பதிவுச் சான்றிதழில் வண்டியின் மாடல், எரிபொருள், கொள்ளளவு, தயாரித்த மாதமும் ஆண்டும், எஞ்சின் எண், சேசிஸ் எண் ஆகியவை இடம்பெறும். இங்குப் பதிவு நாளையும் தயாரித்த நாளையும் குழப்பிக்கொள்ளலாகாது. டிசம்பரில் தயாரான வண்டி மறு ஆண்டு பிப்ரவரியில் விற்பனையாகிப் பதிவு பெறலாம். பாகம் வாங்குவதற்குத் தயாரித்த மாதமும் ஆண்டுமே தேவை.

உலோகத்தில் பொறித்த எண்

சான்றிதழில் உள்ள எண்களை வண்டியிலும் சரிபார்க்க வேண்டும். எஞ்சின் எண் எஞ்சினின் மீதே பொறிக்கப்பட்டிருக்கும். மாருதி 800 வண்டியில் அந்த எண்ணின் தொடக்கமே எஃப்8பியா எஃப்8டியா என்பதைக் காட்டிவிடும். அது சான்றிதழில் உள்ள எண்ணோடு ஒத்துவராவிடில், முன்னர் எவரோ எஞ்சினை மாற்றியிருக்கலாம். அப்போது வண்டியின் ஆண்டைக் கொண்டு எஞ்சின் பாகத்தை வாங்கினால் தவறு நேரும். எஞ்சின் மாற்றத்தை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பதிவு செய்தலும் கடமையாகும்.

சேசிஸ் எண் வண்டியின் உடற்சட்டத்தில் பொறிக்கப்படுவது. இக்கால வண்டிகளில் அது 17 எழுத்துகளும் இலக்கங்களும் கொண்டது. முதல் 3 இடங்கள் தயாரித்த நிறுவனத்தையும், அடுத்த 6 இடங்கள் வண்டியின் வகையையும், இறுதி 8 இடங்கள் அந்த ஒரு வண்டியையும் குறிக்கும். ஐ, ஓ, கியூ ஆகிய மூன்று ஆங்கில எழுத்துகள் இவ்வெண்ணில் வருவதில்லை. 1, 0 ஆகிய இலக்கங்களோடு அவை மயங்கிவிடும் என்பதே காரணம். மிகப் பழைய வண்டிகளில் இதனினும் குறுகிய எண் இருக்கக்கூடும்.

எண் மங்கியிருந்தால், எஞ்சின் ஆறிய பின்னர் துணியால் அழுக்கைத் துடைத்து, அதன்மேல் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்க்க வேண்டும். எண் தாளில் தெளிவாகப் படியும்.

பழைய பாகமும் ஒரு சான்று

கழற்றிய பாகத்தை எறிந்துவிடக் கூடாது. கடைக்கு எடுத்துச் செல்ல வேண்டும். பல பாகங்களில் அவற்றுக்குரிய பாக எண் அச்சிடப்பட்டிருக்கும். அவ்வெண் ஒத்திருந்தால் ஐயம் பெரிதும் நீங்கும். தில்லியின் காஷ்மீரி கேட், கொல்கத்தாவின் மல்லிக் பஜார், சென்னையின் புதுப்பேட்டை ஆகியவை உதிரிபாக வணிகத்துக்குப் பெயர் பெற்ற இடங்கள். எந்த ஊர்க் கடையானாலும், மொழி தெரியாவிடினும், எண் பேசும். ஆயினும் பிரேக், ஸ்டீயரிங் ஆகியவற்றின் பாகங்களைப் புதியனவாகவே வாங்குதல் பாதுகாப்பானது.

மாறுவதும் மாறாததும்

ஒரு வண்டி 12 மாதங்களுக்கு மேல் வேறு மாநிலத்தில் இருந்தால், அங்குப் புதிய பதிவெண் பெற வேண்டும் என்பது பொது விதி. டிஎன் எனத் தொடங்கிய பலகை, எம்எச் என்றோ கேஏ என்றோ மாறும். வண்ணமும் உரிமையாளரும் மாறலாம். உடற்சட்டத்தில் பொறித்த சேசிஸ் எண் மட்டும் மாறுவதில்லை. எத்தனை ஊர் கடந்தாலும் வண்டி எங்கே, எவ்வகையாகப் பிறந்தது என்பதை அதுவே சொல்லும்.

சொற்பொருள்

உதிரிபாகம் – இயந்திரத்தின் தனித்தனி உறுப்பு
கொள்ளளவு – கொள்ளக்கூடிய அளவு
ஐயம் – சந்தேகம்
மயங்குதல் – ஒன்றை மற்றொன்றாகக் கருதுதல்

வினாக்கள்

1. கொள்ளளவு ஒன்றாக இருந்தும் எஃப்8பி, எஃப்8டி எஞ்சின்களின் வால்வுகள் ஏன் பொருந்துவதில்லை?
2. பதிவு நாள், தயாரித்த நாள் – வேறுபடுத்துக.
3. "தோற்றம் ஒரு குறிப்பே; அது சான்றாகாது." விளக்குக.

செயல்பாடு

பெரியவர் ஒருவரின் துணையோடு உங்கள் வீட்டு வண்டியின் பதிவுச் சான்றிதழைப் படித்து, தயாரித்த மாதம், ஆண்டு, எரிபொருள், கொள்ளளவு ஆகியவற்றைத் தமிழில் அட்டவணைப்படுத்துக.