திருகுவதா, அறுப்பதா? — மின் கிதாரின் தொனி குறித்து

மின் கிதாரின் தொனி சரியில்லை என்று பட்டவுடன் 'பிக்கப்பை மாத்து' என்கிற குரல்தான் முதலில் எழுகிறது. இந்தக் குரல் காதிலிருந்து வருகிறதா, சந்தையிலிருந்து வருகிறதா? இருக்கிற கருவியைச் சரிசெய்துகொள்வதும் கருவியையே மாற்றியமைப்பதும் வேறுவேறு காரியங்கள். எது போதும், எது போதாது என்று தீர்மானிக்கும் அறிவு யார் கையில் இருக்கிறது என்பதே இங்கு என் அக்கறை.

முதலில் இயக்கம். பிக்கப் என்பது காந்தமும் அதைச் சுற்றிய மெல்லிய செம்புக் கம்பிச் சுருளும்தான். எஃகுத் தந்தி அதிர்கையில் காந்தப்புலம் கலைகிறது. அக்கலைவு சுருளில் மின் அலையாகிறது. எனவே தந்திக்கும் காந்தத்துக்குமான இடைவெளி தொனியைப் பெரிதும் பாதிக்கிறது. கிட்டே கொண்டுபோனால் சத்தம் கூடும். ரொம்பக் கிட்டே போனால் காந்தமே தந்தியை இழுத்துப் பிடிக்கும். நாதம் நீளாது, சுருதி தள்ளாடும். கடைசி மெட்டில் தந்தியை அழுத்திக்கொண்டு அளந்தால், ஸ்ட்ராடோகாஸ்டரின் பழைய வகைப் பிக்கப்புக்குக் கனத்த தந்திப் பக்கம் சுமார் 2.4 மி.மீ., மெல்லிய தந்திப் பக்கம் 2 மி.மீ. என்று ஃபெண்டர் நிறுவனம் ஒரு தொடக்க அளவு தருகிறது. அங்கிருந்து காதை வைத்துத் திருக வேண்டியதுதான். தேவை ஒரு ஸ்குரூ டிரைவர்.

வரிசையும் உண்டு. புதுத் தந்தி, கழுத்தின் வளைவு, தந்தியின் உயரம், பிரிட்ஜில் சுருதிச் சரி, அப்புறம்தான் பிக்கப். கழுத்தின் வளைவு மாறினால் தந்தியின் உயரம் மாறிவிடும். பின்னால் செய்ததெல்லாம் வீண். துருப்பிடித்த தந்தியை மாட்டிக்கொண்டு பிக்கப்பைத் திட்டிப் பயனில்லை.

சரி, எல்லாமே திருகினால் தீருமா? தீராது. ஒற்றைச் சுருள் பிக்கப்பில் சுற்றுப்புற மின்சாரத்தின் இரைச்சல் ஏறும். எந்தத் திருகலும் அதை அகற்றாது. 1950களின் நடுவில் கிப்சனில் சேத் லவர் இரட்டைச் சுருளை வடிவமைத்தது இதனால்தான். 1970களில் எடி வான் ஹேலன் கிப்சன் பிக்கப் ஒன்றை ஸ்ட்ராட் வடிவ உடலைக் குடைந்து பொருத்தினார். அது வீறிடாமலிருக்க உருக்கிய மெழுகில் முக்கினார். அந்த உடலும் அந்தத் தடித்த ஒலியும் சேர்ந்த கருவியைத் தேடி அவர் கடைக்கு ஓடவில்லை. என்ன வேண்டுமென்று தெரிந்த கை அறுத்தது.

இன்னொரு உதாரணம். 1954இல் வந்த ஸ்ட்ராடோகாஸ்டரின் சுவிட்சுக்கு மூன்று நிலைகள்தான். வாசித்தவர்கள் அதை இரண்டு நிலைகளுக்கு நடுவே நிறுத்தி, இரு பிக்கப்புகளும் சேர்ந்தொலிக்கும் தொனியைக் கண்டெடுத்தார்கள். 1977இல் நிறுவனமே ஐந்து நிலைச் சுவிட்சைப் பொருத்தியது. ஆக, வாசிப்பவர்களின் தந்திரம் சரக்கின் அம்சமாகிறது. கண்டெடுத்த விரல்கள் விவரக்குறிப்பில் இல்லை.

டோனி ஐயோமி 1965இல் பர்மிங்காம் தொழிற்சாலை ஒன்றில் வலக்கையின் இரு விரல் நுனிகளை இழந்தார். இடக்கை வாசிப்பாளரான அவருக்குத் தந்தியை அழுத்தும் கை அது. பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரல் நுனி செய்தார். மெல்லிய பாஞ்சோ தந்திகளை மாட்டினார். பின்னால் சுருதியைத் தாழ்த்தித் தந்தியைத் தளர்த்தினார். 1971இல் வந்த 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி' தொகுப்பின் கனம் இந்தத் தளர்த்தலோடு சேர்ந்தது. தொனி பற்றிய பேச்சில் உழைக்கும் உடலுக்கு இடமில்லை என்பவர்கள் இதை யோசிக்கலாம்.

இதைச் சீர்திருத்தமா புரட்சியா என்று உடனே மொழிபெயர்த்துவிட வேண்டாம். திருகுவது கோழைத்தனமும் அல்ல, அறுப்பது வீரமும் அல்ல. திருகியதைத் திருப்பிவிடலாம், அறுத்த மரம் ஒட்டாது. ஆகவே முதலில் திருகிப் பார்க்க வேண்டும். எந்த இடத்தில் திருகல் தோற்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்டவருக்குத்தான் அரத்தை எடுக்கும் உரிமை.