ஆப்பிரிக்கச் சஃபாரிக்கு ஏற்ற பருவம்

ஆப்பிரிக்காவின் காட்டுயிர்களை அவற்றின் வாழிடத்திலேயே சென்று பார்ப்பதற்காக மேற்கொள்ளப்படும் பயணம் சஃபாரி எனப்படுகிறது. சுவாகிலி மொழியில் இச்சொல்லுக்குப் 'பயணம்' என்பதே பொருள். அரபு மொழியின் 'சஃபர்' என்ற சொல்லிலிருந்து அது வந்தது. இப்பயணத்துக்கு எந்த மாதம் சிறந்தது என்று கேட்டால், பயண நிறுவனங்களின் கையேடுகள் பெரும்பாலும் 'ஜூலை முதல் அக்டோபர் வரை' என்று ஒரே வரியில் விடை சொல்லிவிடுகின்றன. அந்த விடை தவறில்லை, ஆனால் அரைகுறையானது. இந்தியாவைப் போல ஒன்பது மடங்குக்கும் மேல் பரப்புள்ள கண்டத்தில் எல்லா இடத்திலும் ஒரே காலத்தில் மழை பெய்வதில்லை. புல்லும் நீரும் இருக்கும் இடத்தில்தான் விலங்குகள் இருக்கும். ஆகவே எந்தக் காட்சியைக் காண விரும்புகிறோம் என்பதை முதலில் முடிவு செய்து, அந்த இடத்தின் மழைக்காலத்தை அறிந்துகொண்டு, அதன் பிறகே மாதத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

மழை பெய்யும் முறை

பூமத்திய ரேகைக்கு அருகே ஆண்டு முழுவதும் மழை பெய்யும் என்று பள்ளிப் பாடத்தில் படித்திருப்போம். காங்கோ ஆற்றுப் படுகைக்கு அது பொருந்தும். அதே ரேகை கடந்து செல்லும் கென்யாவுக்குப் பொருந்தாது. சூரியன் மார்ச்சிலும் செப்டம்பரிலும் ரேகைக்கு நேர் மேலே வருகிறது. மழைமேகப் பட்டை சற்றுத் தாமதமாக அதைப் பின்தொடர்கிறது. எனவே கென்யாவிலும் வடக்குத் தான்சானியாவிலும் ஆண்டுக்கு இரண்டு மழைக்காலங்கள் உண்டு. மார்ச் பிற்பகுதி முதல் மே வரை பெய்வது நீண்ட மழை, சுவாகிலியில் 'மசிகா'. நவம்பர், டிசம்பரில் பெய்வது குறு மழை. அதன் பெயர் 'வூலி'.

ஜூன் முதல் செப்டம்பர் வரை கிழக்கு ஆப்பிரிக்கா ஏன் வறண்டிருக்கிறது என்பதற்கும் நம் ஊர்ப் பருவமழைக்கும் தொடர்பு உண்டு. நமக்குத் தென்மேற்குப் பருவமழையைக் கொண்டுவரும் காற்றோட்டம் கென்யாவையும் சோமாலியாவையும் ஒட்டிக் கடந்து, அரபிக் கடலில் ஈரத்தைச் சேர்த்துக்கொண்டு இந்தியாவை அடைகிறது. புறப்படும் இடத்தில் அது மழையை அதிகம் தருவதில்லை. கேரளத்தில் மழை கொட்டும் அதே நாட்களில் மாசாய் மாராவில் புல் காய்ந்து பொன்னிறமாகிறது.

தெற்கே செல்லச் செல்ல இரு மழைக்காலங்களும் இணைந்து ஒன்றாகிவிடுகின்றன. சாம்பியா, சிம்பாப்வே, போட்சுவானா, வடகிழக்குத் தென்னாப்பிரிக்கா ஆகிய பகுதிகளில் நவம்பர் முதல் மார்ச் வரை மழை. மே முதல் அக்டோபர் வரை வறட்சி. வறண்ட காலத்தில் குட்டைகள் வற்றுவதால் விலங்குகள் எஞ்சியுள்ள நீர்நிலைகளைச் சுற்றித் திரள்கின்றன. இலைகள் உதிர்ந்து, புல்லும் தாழ்ந்துவிடுவதால் தொலைவிலிருந்தே அவற்றைப் பார்க்க முடிகிறது. கையேடுகள் சொல்லும் 'ஜூலை முதல் அக்டோபர்' என்பதன் அடிப்படை இவ்வளவுதான். தென்னாப்பிரிக்காவின் குரூகர், நமீபியாவின் எட்டோசா போன்ற பூங்காக்களுக்கு இவ்விதி நன்றாகவே பொருந்தும். எட்டோசாவில் நீர்நிலை ஒன்றின் கரையில் வண்டியை நிறுத்திவிட்டுக் காத்திருந்தாலே போதும். யானையும் ஒட்டகச்சிவிங்கியும் தாமாக வந்துசேரும்.

செரெங்கெட்டி–மாரா: ஓர் ஆண்டின் வட்டம்

பருவத் தேர்வில் மிகுதியான குழப்பம் ஏற்படுவது தான்சானியாவின் செரெங்கெட்டியிலும் அதன் வடக்கே கென்யாவில் தொடரும் மாசாய் மாராவிலும்தான். இவ்விரண்டும் வெவ்வேறு நாடுகளில் இருந்தாலும் ஒரே புல்வெளியின் பகுதிகள். செரெங்கெட்டி தேசியப் பூங்கா சுமார் 14,763 சதுர கி.மீ. பரப்புடையது, மாரா அதில் பத்தில் ஒரு பங்கு அளவே. வில்டபீஸ்ட் என்னும் இரலைகள் சுமார் 13 லட்சமும், அவற்றோடு வரிக்குதிரைகளும் தாம்சன் சிறுமான்களும் லட்சக்கணக்கிலும் இங்கு ஆண்டுதோறும் வலம் வருகின்றன. மாட்டின் தலையையும் குதிரையின் வாலையும் ஒட்டவைத்ததுபோல் தோன்றும் விலங்கு வில்டபீஸ்ட். 1960களின் தொடக்கத்தில் அவற்றின் எண்ணிக்கை இரண்டரை லட்சம் அளவிலேயே இருந்தது. கால்நடைகளிடமிருந்து பரவிய வெக்கை நோய், மாடுகளுக்குத் தடுப்பூசி போட்டதால் கட்டுக்குள் வந்தது. அதன் பிறகே கூட்டம் பெருகியது.

இந்த வலத்துக்குக் காரணம் மழை அளவில் உள்ள ஏற்றத்தாழ்வு. தென்கிழக்குச் சமவெளியில் ஆண்டுக்குச் சுமார் 500 மி.மீ. மழையே பெய்கிறது. வடக்கே மாரா பக்கம் 1,000 மி.மீ.க்கு மேல். அப்படியானால் விலங்குகள் ஏன் வடக்கிலேயே தங்கிவிடுவதில்லை? தெற்குச் சமவெளியின் மண், எரிமலைச் சாம்பலால் உருவானது. அதில் முளைக்கும் குட்டைப் புல்லில் சுண்ணாம்புச் சத்தும் பாசுவரமும் மிகுதி. குட்டிக்குப் பாலூட்டும் தாய்க்கு அவை தேவை. மேலும் குட்டைப் புல்வெளியில் சிங்கமும் கழுதைப்புலியும் பதுங்கி வர இடமில்லை. ஆனால் அங்கே வற்றாத நீர் கிடையாது. மழை நின்றதும் வெளியேறித்தான் ஆகவேண்டும்.

ஆகவே டிசம்பர் பிற்பகுதி முதல் மார்ச் வரை மந்தைகள் தெற்கே, இண்டுட்டு ஏரியைச் சுற்றியுள்ள சமவெளிகளில் இருக்கின்றன. பெரும்பாலான குட்டிகள் ஜனவரி இறுதியிலிருந்து மார்ச் தொடக்கம் வரை, அதிலும் பெரும்பகுதி இரண்டு மூன்று வாரங்களுக்குள், பிறந்துவிடுகின்றன. எல்லாம் ஒரே நேரத்தில் பிறப்பது ஒரு தற்காப்பு. கொன்றுண்ணிகள் எவ்வளவு தின்றாலும் தீராத அளவுக்குக் குட்டிகள் இருப்பதால் பெரும்பாலானவை தப்பிவிடுகின்றன. பிறந்த சில நிமிடங்களில் குட்டி எழுந்து நிற்கிறது. விரைவிலேயே தாயோடு ஓடவும் தொடங்குகிறது. சிவிங்கிப்புலியின் வேட்டையைத் திறந்த வெளியில் காண இதைவிட ஏற்ற காலம் இல்லை.

ஏப்ரல், மே மாதங்களில் மந்தைகள் வடமேற்காக நகர்கின்றன. ஜூன் வாக்கில் மேற்கே குருமெட்டி ஆற்றை ஒட்டி இருக்கும். ஜூலை முதல் அக்டோபர் வரை வட செரெங்கெட்டியிலும் மாராவிலும் மேய்ந்துவிட்டு, குறு மழை தொடங்கும் நவம்பரில் மீண்டும் தெற்கே திரும்புகின்றன.

தொலைக்காட்சியில் எல்லோரும் பார்த்திருக்கும் காட்சி மாரா ஆற்றைக் கடப்பது. முதலைகள் காத்திருக்க, ஆயிரக்கணக்கில் வில்டபீஸ்ட்கள் ஆற்றில் குதிக்கும். முதலைக்கு இரையாவதைவிட நெரிசலிலும் நீரோட்டத்திலும் மூழ்கி இறப்பவை மிகுதி. சராசரியாக ஆண்டுக்கு 6,000க்கும் மேல். அந்த உடல்கள் பிணந்தின்னிக் கழுகுகளுக்கும் மீன்களுக்கும் உணவாகி, ஆற்றுக்கே உரமாகின்றன. இதைக் காண ஆகஸ்டில் செல்வோர் இரண்டு செய்திகளை முன்பே தெரிந்துகொள்ள வேண்டும். முதலாவது, ஆற்றைக் கடக்கும் நாளை யாராலும் முன்கூட்டிக் கூற முடியாது. மந்தை கரைக்கு வந்து மணிக்கணக்கில் நின்றுவிட்டுத் திரும்பிப் போய்விடுவதும் உண்டு. ஒரே இரவு தங்கி அதைப் பார்த்துவிடலாம் என்று கிளம்பியவர்கள் வெறுங்கரையைப் படம் எடுத்துத் திரும்புகிறார்கள். மூன்று, நான்கு நாட்களாவது தேவை. இரண்டாவது, நெரிசல். கரையில் வண்டிகள் வரிசையாக அடைத்துக்கொண்டு நிற்பதால் விலங்குகள் இறங்கும் வழியே மறிக்கப்படுவதாகப் பல ஆண்டுகளாகப் புகார் இருந்துவருகிறது. வண்டியோட்டியிடம் 'இன்னும் கொஞ்சம் முன்னே போங்கள்' என்று வற்புறுத்தும் பயணிக்கும் இதில் பங்கு உண்டு. கட்டணமும் அப்போதுதான் அதிகம். 2024 ஜூலையிலிருந்து மாராவில் வெளிநாட்டவருக்கான ஒரு நாள் நுழைவுக் கட்டணம் ஆண்டின் முதல் பாதியில் 100 டாலர், ஜூலை முதல் டிசம்பர் வரை 200 டாலர்.

என்னைக் கேட்டால், முதல் முறை செல்பவருக்கு ஆகஸ்ட் மாராவைவிடப் பிப்ரவரி இண்டுட்டுவையே பரிந்துரைப்பேன். குட்டி பிறக்கும் வாரங்கள் ஆறு கடக்கும் நாளைப் போல ஏமாற்றுவதில்லை.

வறண்ட காலத்தில் வரும் வெள்ளம்

போட்சுவானாவின் ஒகவாங்கோ கழிமுகம் மேற்கண்ட கணக்கைத் தலைகீழாக்குகிறது. அங்கோலாவின் மலைகளில் பெய்யும் மழை, தட்டையான நிலத்தில் மெல்ல ஊர்ந்து வந்து கழிமுகத்தில் பரவப் பல மாதங்கள் பிடிக்கின்றன. அதனால் உள்ளூரில் ஒரு துளி மழையும் இல்லாத ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில்தான் வெள்ளம் உச்சத்தை எட்டுகிறது. சுற்றிலும் கலகாரியின் வறட்சி, நடுவே நீர்ப்பரப்பு; யானைக் கூட்டங்கள் அங்கே குவிகின்றன. மொகோரோ என்னும் ஒடுக்கமான ஓடத்தில் நாணல்களுக்கிடையே செல்ல இதுவே காலம். இந்த ஆறு கடலைச் சேர்வதே இல்லை; நீரின் பெரும்பகுதி ஆவியாகிவிடுகிறது. 2014இல் யுனெஸ்கோவின் 1,000ஆவது உலகப் பாரம்பரியக் களமாக ஒகவாங்கோ சேர்க்கப்பட்டது.

அதே நாட்டில், சில மணி நேரப் பயணத் தொலைவில் உள்ள மத்திய கலகாரிக்கு ஜூலையில் போனால் பெரிதாக எதுவும் கிடைக்காது. அங்கு மழைக்காலமான டிசம்பர் முதல் ஏப்ரல் வரையே பள்ளத்தாக்குகளில் புல் முளைக்கிறது. இரலைகளும் அவற்றைத் தொடர்ந்து கரும்பிடரிச் சிங்கங்களும் வருகின்றன. 'போட்சுவானாவுக்கு எது நல்ல மாதம்' என்ற கேள்விக்கே ஒற்றை விடை இல்லை.

மழைக்காலத்தின் ஆதாயம்

மழைக்காலத்தைச் சஃபாரி நிறுவனங்கள் 'பசுமைப் பருவம்' என்று அழகாகச் சொல்கின்றன. விலை குறையும், கூட்டம் இருக்காது, வானத்தில் தூசி இல்லாததால் படங்கள் தெளிவாக வரும். ஆனால் புல் ஆளுயரம் வளர்ந்துவிடும் இடங்களில் பக்கத்தில் சிங்கம் படுத்திருந்தாலும் தெரியாது. சாம்பியாவின் தெற்கு லுவாங்குவாவில் பல விடுதிகள் மழைக்காலத்தில் மூடப்பட்டுவிடும்.

பறவை ஆர்வலர்கள் மட்டும் இக்காலத்தையே விரும்புவர். நவம்பர் முதல் மார்ச் வரை ஐரோப்பாவிலிருந்தும் ஆசியாவிலிருந்தும் வலசை வரும் பறவைகளும் உள்ளூர்ப் பறவைகளும் ஒருசேர இருக்கும். அக்டோபர், நவம்பரில் நாகாலாந்தில் பெருங்கூட்டமாகத் தங்கும் அமுர் வல்லூறுகள், அங்கிருந்து புறப்பட்டு அரபிக் கடலைக் கடந்து, தெற்கு ஆப்பிரிக்காவின் மழைக்காலப் பூச்சிகளைத் தின்னவே செல்கின்றன.

நம் விடுமுறையும் அங்குள்ள பருவமும்

தமிழ்நாட்டுப் பள்ளிகளின் கோடை விடுமுறை ஏப்ரல் இறுதியிலும் மே மாதத்திலும் வருகிறது. கிழக்கு ஆப்பிரிக்காவில் அதுவே நீண்ட மழையின் உச்சம். குழந்தைகளோடு செல்லும் குடும்பங்கள், அம்மாதங்களில் கட்டணம் குறைவாக இருப்பதைக் கண்டு முன்பதிவு செய்துவிடுவது இயல்பு. கரிசல் போன்ற அந்த மண்ணில் வண்டிச் சக்கரம் புதைந்தால் பாதி நாள் போய்விடும். 2024 மே முதல் நாள் தாலெக் ஆறு கரைபுரண்டு, மாராவின் சுற்றுலாக் கூடாரங்கள் பல மூழ்கின. பயணிகள் ஹெலிகாப்டரில் மீட்கப்பட்டனர். மே மாதம் மட்டுமே இயலும் என்றால் தென்னாப்பிரிக்காவின் குரூகருக்குச் செல்லலாம். அங்கு மழை முடிந்து குளிர்காலம் தொடங்கும் நேரம் அது. மலேரியா அபாயமும் மழை மாதங்களைவிடக் குறைவு. ஆனாலும் தடுப்பு மாத்திரை பற்றி மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது அவசியம்.

மேலே சொன்ன மாதங்கள் யாவும் பல ஆண்டுகளின் சராசரி. இந்தியப் பெருங்கடலின் மேற்குப் பகுதி வழக்கத்தைவிடச் சூடாகும் ஆண்டுகளில் குறு மழை பெருமழையாகிவிடும். 2019இல் அப்படித்தான் நடந்தது. அதற்கு மாறாக 2020 முதல் 2022 வரை அடுத்தடுத்து மழை பொய்த்ததில் கென்யாவில் யானைகள்கூட நூற்றுக்கணக்கில் இறந்தன. எனவே கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பு, மந்தை எங்கே இருக்கிறது, மழை தொடங்கிவிட்டதா என்று விடுதியிடமே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். தேதியை மாற்ற இயலாவிட்டாலும் தங்கும் இடத்தை மாற்றிக்கொள்ள அது உதவும்.

உடை பற்றியும் ஒரு சொல். ஆப்பிரிக்கா என்றால் வெயில் என்று நினைத்துப் பருத்திச் சட்டையோடு மட்டும் போகிறவர்கள் ஜூலை மாத விடியற்காலையில், திறந்த வண்டியில் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். மாரா 1,500 மீட்டருக்கு மேலும், இங்கோரோங்கோரோ எரிமலைவாயின் விளிம்பு 2,200 மீட்டருக்கு மேலும் உயரத்தில் உள்ளன. கொடைக்கானலுக்கு எடுத்துச் செல்லும் கம்பளிச் சட்டை அங்கேயும் வேண்டும்.

கென்யா செல்லும் இந்தியர்கள் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டுக்கொண்டு சான்றிதழ் வைத்திருக்க வேண்டும். ஊசி போட்டு 10 நாட்கள் கழிந்த பிறகே சான்றிதழ் செல்லும். அது இல்லாமல் இந்தியா திரும்பினால் 6 நாட்கள் வரை தனிமைப்படுத்தப்படலாம். சென்னையில் கிண்டியில் உள்ள கிங் நிலையத்தில் இந்த ஊசி போடப்படுகிறது. எல்லா மருத்துவமனைகளிலும் கிடைக்காது என்பதால், பயணத் தேதி உறுதியானவுடன் முதல் வேலையாக இதற்கு நாள் குறித்துக்கொள்ள வேண்டும்.