சாய்ந்து நிற்கும் எழுத்து

ஆங்கிலத்தில் அச்சான இயற்பியல் நூல் ஒன்றைப் புரட்டிப் பாருங்கள். 'ஜி' என்ற ஒரே சிறிய எழுத்து இரு வடிவங்களில் வருவதைக் காணலாம். நிமிர்ந்து நின்றால் அது கிராம். வலப்புறம் சாய்ந்திருந்தால் புவியீர்ப்பு முடுக்கம். அவ்வாறே, நிமிர்ந்த 'எம்' மீட்டர் என்னும் அலகு. சாய்ந்த 'எம்' நிறை என்னும் அளவு. அளவுகளின் குறியீடுகள் சாய்ந்தும், அலகுகளின் குறியீடுகள் நிமிர்ந்தும் இருக்க வேண்டும் என்பது உலகெங்கும் அறிவியலாளர் ஒப்புக்கொண்ட மரபு. விடைத்தாளில் கையால் எழுதும்போது இந்த வசதி நமக்கு இல்லை. அச்சில் உண்டு.

இச்சாய்வெழுத்துக்கு ஆங்கிலத்தில் 'இத்தாலிக்' என்று பெயர். அது பிறந்த இடத்தைப் பெயரே சொல்லிவிடுகிறது.

பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியில் இத்தாலியின் வெனிஸ் நகரம் அச்சுத் தொழிலில் சிறந்து விளங்கியது. அங்கே ஆல்டஸ் மனுஷியஸ் என்ற அறிஞர் ஓர் அச்சகம் நடத்தினார். அவரிடம் எழுத்து வெட்டியவர் பொலோஞா நகரத்துப் பிரான்செஸ்கோ கிரிஃபோ. வெட்டுவது என்றால் என்ன? எஃகுக் கோல் ஒன்றின் முனையில் எழுத்தைத் தலைகீழாக, அதாவது கண்ணாடியில் தெரிவதுபோல், புடைப்பாகச் செதுக்க வேண்டும். அதைச் செம்புத் துண்டில் அறைந்தால் பள்ளம் விழும். அந்தப் பள்ளத்தில் ஈயம், வெள்ளீயம், ஆன்டிமனி கலந்த உலோகக் குழம்பை ஊற்றினால் அச்செழுத்து கிடைக்கும். உண்ணும் அரிசியைவிடச் சிறிய பரப்பில், ஒவ்வோர் எழுத்துக்கும் தனித்தனியாகச் செய்யும் வேலை இது.

அக்காலத்து இத்தாலிய அறிஞர்கள் விரைவாக எழுதும்போது ஒரு வகைச் சாய்வான கையெழுத்தைப் பயன்படுத்தினர். கிரிஃபோ அந்தக் கையெழுத்தையே உலோகத்தில் கொண்டுவந்தார். 1500ஆம் ஆண்டில் ஒரு நூலின் படத்தில் சில சொற்கள் மட்டும் இவ்வெழுத்தில் தோன்றின. 1501இல் லத்தீன் கவிஞர் வெர்ஜிலின் நூல் முழுவதும் இதிலேயே அச்சாயிற்று. பெரிய எழுத்துகள் மட்டும் அப்போது நிமிர்ந்தே நின்றன!

அந்நூல் அளவில் சிறியது. ஒரு முழுத்தாளை மூன்று முறை மடித்தால் 8 ஏடுகள், 16 பக்கங்கள் வரும் அல்லவா? அந்த அளவுதான். மேசைமேல் கிடத்திப் படிக்க வேண்டிய கனத்த நூல்களுக்கிடையே, கையில் எடுத்துச் செல்லக்கூடிய இலக்கிய நூலாக இது வந்தது. சாய்வெழுத்து நெருக்கமானது, ஆகவே தாளை மிச்சப்படுத்தவே அதைக் கண்டுபிடித்தார்கள் என்று பல நூல்களில் எழுதியிருக்கிறார்கள். இதை அப்படியே ஏற்க முடியவில்லை. செய்யுளில் ஓர் அடிக்கு ஒரு வரி வேண்டும். எழுத்து குறுகினால் வரியின் நீளம் குறையுமே தவிர, வரிகளின் எண்ணிக்கை குறையாது. ஆனால் சிறிய பக்கத்தில் நீண்ட அடி ஒன்று உடையாமல் அடங்கும். அதுவே பெரிய லாபம்.

வெர்ஜில் நூலின் தொடக்கத்திலேயே கிரிஃபோவின் கைத்திறனை ஆல்டஸ் பாராட்டியிருந்தார். எனினும் இவ்வெழுத்தைப் பிறர் பயன்படுத்தக் கூடாது என்ற தனியுரிமையை வெனிஸ் அரசிடம் பெற்றபோது, அது ஆல்டஸின் பெயருக்கே கிடைத்தது. கிரிஃபோ தாம் படைத்த எழுத்தை வெனிஸில் வேறொருவருக்கு வெட்டித்தர முடியாத நிலை! அவர் பிரிந்து சென்று, சொன்சீனோ என்ற அச்சாளரிடம் சேர்ந்தார். 1503இல் சொன்சீனோ வெளியிட்ட நூலின் முன்னுரை, இவ்வெழுத்தை உருவாக்கியவர் கிரிஃபோதான், ஆல்டஸ் அல்லர் என்று வெளிப்படையாகக் கூறுகிறது. சொன்சீனோ ஆல்டஸின் போட்டியாளர்தாம். ஆனாலும் எஃகைச் செதுக்கிய கை யாருடையது என்பதில் இன்று ஐயமில்லை.

தனியுரிமை வெனிஸுக்கு வெளியே பெரிதாகப் பலிக்கவில்லை. பிரான்சின் லியோன் நகர அச்சாளர்கள் எழுத்தையும் நூல்களையும் அப்படியே நகல் செய்தார்கள். போலிகளை வாசகர்கள் அடையாளம் காணட்டும் என்று, அவற்றிலுள்ள பிழைகளைப் பட்டியலிட்டு 1503இல் ஆல்டஸ் ஓர் எச்சரிக்கை வெளியிட்டார். லியோன்காரர்களோ அப்பட்டியலைப் பார்த்துத் தங்கள் பிழைகளைத் திருத்திக்கொண்டனர்!

முழுநூலும் சாய்வெழுத்தில் அச்சிடும் வழக்கம் நாளடைவில் மறைந்தது. நிமிர்ந்த எழுத்துகளுக்கு இடையே ஒரு சொல்லைத் தனித்துக் காட்டும் வேலை அதற்கு வந்து சேர்ந்தது. நூற்பெயர்கள், பிறமொழிச் சொற்கள், தாவர விலங்குகளின் லத்தீன் பெயர்கள் எல்லாம் இன்று இதில்தான் அச்சாகின்றன. மனித மரபணுவின் குறியீடு சாய்ந்திருக்கும். அந்த மரபணு உண்டாக்கும் புரதத்தின் குறியீடு அதே எழுத்துகளில் நிமிர்ந்திருக்கும்.

சாய்த்துவிட்டாலே இத்தாலிக் ஆகிவிடுமா? கணினியில் சோதித்துப் பாருங்கள். டைம்ஸ் நியூ ரோமன் எழுத்துருவில் சிறிய 'ஏ', 'எஃப்' இரண்டையும் தட்டச்சு செய்து, பிறகு சாய்வாக மாற்றுங்கள். நிமிர்ந்த 'ஏ'யின் தலைமேல் இருந்த வளைவு காணாமல் போய், கையால் எழுதும் 'ஏ' தோன்றும். 'எஃப்' வரிக்குக் கீழே வால் நீட்டும். கோடுகளின் முனையில் பாதம்போல் இருந்த சிறு நீட்சிகள், அதாவது செரிஃப்கள், பேனா வளைந்து செல்லும் தடங்களாக மாறியிருக்கும். இனி ஏரியல் எழுத்துருவில் இதையே செய்யுங்கள். 'ஏ' வடிவம் மாறாது, வெறுமனே சாயும். கிரிஃபோ பார்த்து வெட்டிய கையெழுத்தின் சுவடு முதலாவதில்தான் இருக்கிறது.