மழை பெய்தாலும் டெங்கு, பொய்த்தாலும் டெங்கு!

ஐப்பசி பிறந்ததும் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பகுதிகளில் மழையோடு டெங்குக் காய்ச்சலைப் பற்றிய அச்சமும் வந்துவிடுகிறது. இந்நோய் நமக்குப் புதியதன்று. 1780-ஆம் ஆண்டிலேயே சென்னையில் இதைப் போன்ற காய்ச்சல் பரவியதாக மருத்துவ வரலாறு கூறுகிறது. வானிலைக்கும் இந்நோய்க்கும் என்ன தொடர்பு?

டெங்குவைப் பரப்புவது ஏடிஸ் எஜிப்டி என்னும் கொசு. கால்களில் வெள்ளை வரிகள் கொண்ட இக்கொசு பகலில் கடிக்கும். வீட்டைச் சுற்றித் தேங்கும் தெளிந்த நீரையே பெரும்பாலும் நாடி முட்டையிடும். மழைக்காலத்தில் கொட்டாங்குச்சி, பழைய டயர், பூந்தொட்டித் தட்டு யாவும் அதற்குத் தொட்டில்களே! வெப்பமான நாட்களில் முட்டை ஏறக்குறைய 10 நாட்களில் கொசுவாகிவிடும்.

நோயாளியைக் கடித்த கொசு உடனே நோயைப் பரப்புவதில்லை. அதன் உடலில் வைரஸ் பெருகப் பொதுவாக 8 முதல் 12 நாட்கள் ஆகும். வெப்பம் கூடினால் இக்காலம் குறையும். கொசுவின் ஆயுளோ சில வாரங்களே. ஆகவே வைரஸ் விரைவில் பெருகினால், அக்கொசு பலரைக் கடித்து நோயைப் பரப்பக் காலம் கிடைக்கிறது. பெருமழை கொசுப்புழுக்களை அடித்துச் சென்றுவிடும்; விட்டுவிட்டுப் பெய்யும் மழையும் இடையிடையே அடிக்கும் வெயிலுமே ஆபத்தானவை.

அப்படியானால் மழை பொய்த்தால் டெங்கு வாராதா? 2016-இல் தமிழகத்தில் வடகிழக்குப் பருவமழை வழக்கத்தில் பாதிகூடப் பெய்யவில்லை. 2017 கோடையில் பூந்தமல்லிக்கு அருகிலுள்ள செம்பரம்பாக்கம் உள்ளிட்ட ஏரிகள் வறண்டன. தண்ணீர்ப் பஞ்சம் வந்தால் நம் வீடுகளில் என்ன செய்வோம்? லாரித் தண்ணீரைக் குடத்திலும் டிரம்மிலும் சிமெண்டுத் தொட்டியிலும் நாள்கணக்கில் சேமிப்போம். மூடாத பாத்திரங்கள் கொசுவுக்கு இடம் தரும். அவ்வாண்டு தமிழகத்தில் 23,000-க்கும் மேற்பட்டோரை டெங்கு தாக்கியது. 60-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். வறட்சி ஒன்றே இதற்குக் காரணமன்று. ஆயினும் மழையில்லா ஆண்டிலும் நாம் அயர்ந்திருக்கலாகாது என்பதை இது உணர்த்துகிறது.

இக்கொசுவின் முட்டைகள் பாத்திரத்தின் உட்புறத்தில் ஒட்டிக்கொண்டு, நீர் வற்றினாலும் பல மாதங்கள் உயிரோடிருக்கும். மீண்டும் நீர் பட்டதும் பொரிக்கும். எனவே நீரைக் கொட்டினால் மட்டும் போதாது. வாரம் ஒருமுறை உட்புறத்தை நன்கு தேய்த்துக் கழுவி, இறுக மூடி வைக்க வேண்டும்.

தோழியரே! மழை நம் சொல்லைக் கேட்டுப் பெய்வதில்லை. ஆனால் நம் வீட்டு டிரம்மை மூடி வைக்க நம்மால் இயலும். இந்த ஞாயிற்றுக்கிழமையே அதைத் தொடங்குவோமாக!